மூன்று வேளைத் துடைப்பமும் மணியின் முடியும்

கேள்வி: எங்கள் வீட்டில் மணி என்ற லாப்ரடார் நாய் இருக்கிறது. ஆண், வயது மூன்று, வெளிர் மஞ்சள் நிறம். நன்றாகச் சாப்பிடுகிறான், நன்றாக விளையாடுகிறான். ஆனால் வீடு முழுக்க முடி. ஒரு நாளைக்கு மூன்று முறை பெருக்குகிறேன். பெருக்கி முடித்துத் திரும்பினால் மூலையில் மறுபடியும் ஒரு முடிப்பந்து உருள்கிறது. என் கணவர் கறுப்புச் சட்டை போடுவதையே விட்டுவிட்டார்; மணிக்கு மொட்டையடித்துவிட்டால் தீர்ந்தது என்கிறார். ஒன்றரை வயது மகள் தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் போடுகிறாள். நாய் முடி வயிற்றுக்குள் போனால் கட்டி வரும் என்று என் மாமியார் பயப்படுகிறார், அவனை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார். முடி உதிர்வதை நிறுத்த மாத்திரை, எண்ணெய் ஏதாவது உண்டா? வாலுக்கு மேலே அடிக்கடி கடித்துக்கொள்கிறான், அது பழக்கம்தான் என்று நினைக்கிறேன். வேறு தொந்தரவு இல்லை.

பதில்: இவ்வளவு நீளமாக முடியைப் பற்றி எழுதிவிட்டு, ஒரு கால்நடை மருத்துவருக்கு மிகவும் தேவையான வரியைக் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். வாலுக்கு மேலே கடித்துக்கொள்வது பெரும்பாலும் பழக்கம் அல்ல. அதற்கு வருகிறேன். முதலில் நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில்.

முடி உதிர்வதை நிறுத்த மாத்திரையும் இல்லை, எண்ணெயும் இல்லை. யாராவது இருக்கிறது என்று விற்றால் வாங்காதீர்கள். லாப்ரடாரின் உடம்பில் இரண்டு அடுக்கு முடி உண்டு. மேலே தெரிகிற விறைப்பான முடி தண்ணீரைத் தேங்கவிடாமல் வழியச் செய்கிறது. அதற்கு அடியில் பஞ்சு போன்ற உள்முடி நெருக்கமாக இருந்து உடம்புக்கும் வெளிக்காற்றுக்கும் நடுவில் ஒரு தடுப்பாக நிற்கிறது. ஒவ்வொரு முடியும் சில காலம் வளரும், பிறகு வளர்ச்சி நின்று ஓய்வில் இருக்கும், பிறகு அடியில் முளைத்து வரும் புதுமுடிக்கு இடம் விட்டு விழும். நம் தலைமுடி வருடக்கணக்கில் வளர்ந்துகொண்டே போகும். பூடில் நாயின் முடியும் அந்த வகையைச் சேர்ந்தது. அதனால்தான் பூடில் வளர்க்கும் வீட்டில் தரையில் முடி குறைவு, முடிவெட்டும் செலவு அதிகம். லாப்ரடாருக்கோ முடி ஓர் அளவுக்கு வந்ததும் நின்றுவிடும். எந்த நேரத்தில் பார்த்தாலும் உடம்பில் பெரும்பகுதி முடி ஓய்வில்தான், அதாவது விழக் காத்திருக்கும் நிலையில்தான் இருக்கிறது.

இந்த உதிர்தலுக்குக் கணக்கு வைப்பது முக்கியமாகப் பகல் வெளிச்சம். பகல் நீள்வதையும் குறைவதையும் வைத்து உடம்பு பழைய முடியைக் கழித்துப் புதியதை வளர்க்கிறது. வெளியிலேயே வாழும் நாய்களுக்கு வருடத்தில் இரண்டு முறை மொத்தமாகக் கொட்டி, நடுவில் ஓரளவு ஓய்ந்திருக்கும். மணி இரவு பத்து மணி வரை விளக்கு எரிகிற வீட்டுக்குள், எப்போதும் ஏறக்குறைய ஒரே சூட்டில் வாழ்கிறான். அவன் உடம்புக்குப் பருவம் எது என்று பிடிபடுவதில்லை. அதனால் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டிக்கொண்டே இருக்கிறான். ‘குட்டை முடிதானே, என்ன உதிர்ந்துவிடப் போகிறது’ என்று நினைத்து லாப்ரடார் வாங்கிவிட்டு ஆறு மாதம் கழித்து என்னிடம் வந்து நிற்பவர்கள் ஏராளம். குட்டை முடி நீள முடியைவிடத் தொல்லை: ஊசி மாதிரி துணிக்குள் செருகிக்கொள்ளும், உதறினாலும் போகாது.

ஆக, விழப்போகிற முடி விழுந்தே தீரும். அது எங்கே விழ வேண்டும் என்பதுதான் நம் கையில் இருக்கிறது. நீங்கள் மூன்று வேளையும் தரையோடு போராடுகிறீர்கள். தரைக்கு வந்த முடி காற்றில் பறந்து, சோபாவில் ஏறி, சட்டையில் செருகி நூறு இடத்துக்குப் போய்விட்டது. மணியின் மேல் இருக்கும்போது அது ஒரே இடத்தில் இருக்கிறது. அங்கேயே பிடியுங்கள். வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் பத்து நிமிடம் பிரஷ் போடுங்கள். கொத்துக் கொத்தாகக் கொட்டும் இரண்டு மூன்று வாரங்களில் மட்டும் தினமும் போடுங்கள்.

கருவி விஷயத்தில் என் கருத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் தவறு நடப்பது இங்கேதான். உங்களுக்கு இரண்டு போதும். ஒன்று, உள்ளங்கையில் பிடிக்கிற ரப்பர் பிரஷ், மழுங்கிய முனைகள் உள்ளது. இன்னொன்று, இடைவெளி விட்ட நீண்ட பற்கள் உள்ள உள்முடிச் சீப்பு. முதலில் ரப்பர் பிரஷ்ஷை வட்டம் வட்டமாகத் தேய்த்தால் தளர்ந்த முடியும் பொடுகும் மேலே எழும். பிறகு சீப்பை முடி படிந்திருக்கும் திசையிலேயே, அழுத்தாமல் இழுங்கள். பெரும்பாலானோர் முதுகை மட்டும் நீவிவிட்டு முடித்துவிடுவார்கள். உள்முடி குவிந்திருப்பது கழுத்துச் சுற்றிலும், பின்தொடைகளின் பின்பக்கத்திலும், வாலின் அடியிலும். வயிற்றில் தோல் மெல்லியது, அங்கே ரப்பர் பிரஷ் மட்டும். தகடு போன்ற விளிம்பு உள்ள முடிநீக்கிக் கருவிகள் ஒரு தடவை இழுத்ததுமே கைநிறைய முடி தரும். பார்ப்பதற்குத் திருப்தியாக இருக்கும். அதே திருப்தியில் நாற்பது தடவை இழுத்துவிட்டு, மேல்முடி அறுபட்டு, தோல் சிராய்ந்த நிலையில் நாயைத் தூக்கிக்கொண்டு வருபவர்களையும் பார்த்திருக்கிறேன். அதை வாங்கியே தீருவேன் என்றால் வாரத்தில் ஒரு நாள், ஒவ்வொரு பகுதியிலும் சில இழுப்புகள், அவ்வளவே. முடி வருவது எப்போது நிற்கும் என்று காத்திருக்காதீர்கள், நிற்காது. தோல் சிவக்கத் தொடங்கினால் அன்றைக்கு அது போதும்.

எங்கே உட்கார்ந்து செய்கிறீர்கள் என்பதும் முக்கியம். கூடத்தில் வேண்டாம். குளியலறையில் தரையை லேசாக நனைத்துவிட்டு அல்லது வெளியில் ஒரு பழைய விரிப்பின் மேல். நன்றாக ஓடி விளையாடிக் களைத்த பிறகு செய்தால் பாதி வேலை மிச்சம். பிரஷ்ஷைக் கண்டு ஓடினால் முதல் வாரம் ஒரு நிமிடத்துக்கு மேல் போகாதீர்கள், முடிந்ததும் அவனுக்குப் பிடித்த தீனி ஒரு துண்டு. என் வீட்டு நாய் முதல் இரண்டு மாதம் பிரஷ்ஷை எடுத்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். ஊருக்கெல்லாம் ஆலோசனை சொல்கிற வீட்டில் அந்தக் கூத்து. இப்போது அவளே வந்து முதுகைக் காட்டுகிறாள்.

குளியலைப் பிரஷ்ஷோடு சேர்த்து வையுங்கள். குளிப்பாட்டுவதற்கு முன்னால் ஒரு முறை சீவுங்கள். வெதுவெதுப்பான தண்ணீர், நாய்களுக்கான ஷாம்பு, சோப்பு நுரை துளியும் மிஞ்சாமல் அலசுதல். பிறகு அடிவரை உலர்த்துதல். உள்முடி ஈரமாகவே இருந்தால் தோலில் புண் வரும். ஹேர் டிரையர் பயன்படுத்தினால் சூடில்லாத காற்று போதும். முழுவதும் உலர்ந்ததும் மறுபடியும் சீவுங்கள். தண்ணீரும் தேய்ப்பும் தளர்த்திய முடி அப்போது பொலபொலவென்று வரும். நாலைந்து வாரத்துக்கு ஒரு முறை இது போதும். முடி கொட்டுகிறதே என்று வாரந்தோறும் குளிப்பாட்டுவதும், நம் சோப்பையே போடுவதும் எதிர்ப்பலன் தரும். நம் தோல் சற்று அமிலத்தன்மை உள்ளது, நாயின் தோல் அவ்வளவு இல்லை. நமக்கென்று செய்த சோப்பு அதற்குப் பொருந்தாது. தோல் வறண்டு பொடுகு கிளம்பும், சொறிவான், சொறியச் சொறிய இன்னும் கொட்டும்.

இனி உங்கள் கணவரின் மொட்டைத் திட்டம். வேண்டாம். இரண்டு அடுக்கு முடி உள்ள நாய்க்கு அந்த முடி வெறும் போர்வை அல்ல, வெயிலுக்குக் குடையும்கூட. மழித்துவிட்டால் தோலில் நேரடியாக வெயில் படும், வெளிர் நிற நாய்க்குத் தோல் கருகக்கூடச் செய்யும். மழித்த இடத்தில் முடி பழையபடி வரும் என்பதற்கும் உறுதி இல்லை. சில நாய்களுக்கு மாதக்கணக்கில் வளராமல் நின்றுவிடும், ஒரு வருடத்துக்கு மேலும் ஆகலாம். உள்முடி முந்திக்கொண்டு வளர்ந்து மேல்முடி திட்டுத்திட்டாக வரும். இத்தனைக்கும் பிறகு உதிர்தல் நிற்குமா என்றால் அதுவும் இல்லை. நீள ஊசிக்குப் பதிலாகக் குட்டை ஊசி விழும், அதைத் துணியிலிருந்து எடுப்பது இன்னும் கடினம். அறுவை சிகிச்சைக்காகவோ தோல் நோய்க்காகவோ நாங்கள் மழிப்பது வேறு கணக்கு. மொட்டையடிக்கத் தயாராக இருந்தவர் கையில் பிரஷ்ஷைக் கொடுங்கள். வாரத்துக்கு மூன்று முறை, அவர் பொறுப்பு.

வீட்டைப் பற்றி. துடைப்பம் முடிக்குச் சரியான ஆயுதம் அல்ல. தள்ளுகிற வேகத்தில் பாதியைக் காற்றில் எழுப்பிவிடும், மின்விசிறி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். பெருக்குவதாக இருந்தால் விசிறியை நிறுத்திவிட்டு, லேசாக ஈரமாக்கிய மாப்பால் முடியை ஒரு மூலைக்குக் கூட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனர் இருந்தால் நுண்துகள் வடிகட்டி உள்ளதா என்று பாருங்கள், இல்லையென்றால் முன்னால் உறிஞ்சிப் பின்னால் பொடுகை ஊதும். தானாக ஓடுகிற ரோபோ வகை தினசரி முடிக்கு நல்லது, ஆனால் உருளையில் சுற்றிய முடியை வாரந்தோறும் கத்தரித்து எடுக்க வேண்டும். (மணி எப்போதாவது வீட்டுக்குள் அசுத்தம் செய்கிறவன் என்றால், யாரும் இல்லாத நேரத்தில் அதை ஓடவிடாதீர்கள். ஏன் என்று விளக்க வேண்டியதில்லை.)

சோபாவுக்கும் கார் இருக்கைக்கும் நான் கண்டதில் சிறந்தது பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறை. கையில் மாட்டி, நனைத்து, உதறிவிட்டு, ஒரே திசையில் இழுத்துத் தடவுங்கள். முடி சுருண்டு திரண்டு வரும். தரைவிரிப்புக்கு ஜன்னல் கண்ணாடி துடைக்கிற ரப்பர் விளிம்புள்ள துடைப்பான். மணிக்குப் பிடித்த சோபா மூலை ஒன்று கட்டாயம் இருக்கும். அதற்கு மட்டும் எளிதில் எடுத்துத் துவைக்கக்கூடிய விரிப்பு, அவன் நிறத்திலேயே. வெல்வெட் வேண்டாம், நெருக்கமாக நெய்த துணி நல்லது.

சலவை இயந்திரத்தில் முடியோடு துணியைப் போட்டால் ஈரமான முடி எல்லாத் துணியிலும் ஒட்டிக்கொண்டு வெளியே வரும். வெளியில் நன்றாக உதறிவிட்டுப் போடுங்கள். உலர்த்தும் இயந்திரமும் இருந்தால், துவைப்பதற்கு முன்பு பத்து நிமிடம் சூடில்லாமல் ஓடவிட்டால் பெரும்பகுதி வடிகட்டியில் சிக்கிவிடும். மணியின் விரிப்புகளைத் தனியாகத் துவையுங்கள், பிறகு உருளையின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடையுங்கள். குளியலறைக் கழிவுநீர்த் துளையில் ஒரு சல்லடையும் வையுங்கள்.

தீனி. முடி என்பது பெரும்பாலும் புரதம். தரமற்ற தீனியில் வளரும் நாய்க்கு முடி மங்கி, வறண்டு, அளவுக்கு மீறி உதிரும். மணிக்கு அவன் வயதுக்கும் எடைக்கும் உரிய முழுமையான தீனி கிடைக்கிறது என்றால் அதற்கு மேல் எதையும் கொடுப்பதில் பயன் குறைவு. மீன் எண்ணெயில் உள்ள ஒமேகா-3 கொழுப்பு, தோல் வறட்சியோ அரிப்போ உள்ள நாய்க்கு உதவும். பலன் தெரிய ஆறிலிருந்து எட்டு வாரம் ஆகும். அளவை உங்கள் மருத்துவரிடம் எடை சொல்லிக் கேளுங்கள், அதிகமானால் வயிற்றுப்போக்கு வரும். நமக்கு விற்கிற மீன் ஈரல் எண்ணெய் வேறு சரக்கு. அதில் வைட்டமின் ஏ, டி இரண்டும் மிகுதி, நாய்க்குச் சேர்ந்துகொண்டே போனால் ஆபத்து.

உங்கள் மாமியாரைச் சிரித்து ஒதுக்கிவிடாதீர்கள். அவர் சொல்வதில் பாதி உண்மை. குழந்தை விழுங்குகிற இரண்டு மூன்று முடி செரிக்காமல் அப்படியே மலத்தோடு வெளியே போய்விடும், கட்டியாகாது. ஆனால் நாயின் குடலில் வாழும் ஒருவகைச் சிறிய நாடாப்புழு உண்டு. அதன் முட்டை மலத்தின் வழியாக வெளியே வந்து முடியிலும் ஒட்டிக்கொள்ளும். அந்த முட்டை மனிதர் வயிற்றுக்குள் போனால் ஈரலிலோ நுரையீரலிலோ நீர்க்கட்டி வளரும், அறிகுறி தெரிய வருடங்கள் ஆகும். பழைய தலைமுறை கட்டியைப் பார்த்திருக்கிறது, முடியைக் குற்றம் சொல்லியிருக்கிறது. நாய்க்கு அந்தப் புழு வருவது ஆடு மாடுகளின் பச்சை ஈரல், நுரையீரல் போன்ற உள்ளுறுப்புகளைத் தின்பதால். மணிக்கு வேகவைக்காத உறுப்பிறைச்சி எதையும் கொடுக்காதீர்கள். மூன்று மாதத்துக்கு ஒரு முறை குடற்புழு நீக்க மருந்து கொடுங்கள், அதில் நாடாப்புழுவைக் கொல்லும் மருந்தும் உண்டா என்று கேட்டு வாங்குங்கள். எல்லா மருந்திலும் இருப்பதில்லை. மகளின் கையைச் சாப்பாட்டுக்கு முன் கழுவிவிடுங்கள். இதை மாமியாரிடம் இப்படியே சொல்லுங்கள், அவர் பயந்தது வீண் இல்லை என்று தெரிந்தால் மற்றதைக் கேட்பார்.

வீட்டில் யாருக்காவது தும்மல், மூச்சிரைப்பு இருந்தால் அது தனி விஷயம். ஒவ்வாமையைத் தூண்டும் புரதம் நாயின் எச்சிலிலும் பொடுகிலும் இருக்கிறது, முடி அதைச் சுமந்து போகிற வண்டி மட்டுமே. உதிராத இனம் வாங்கினால் ஒவ்வாமை வராது என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அப்படி யாரும் இருந்தால் அவர்களை மனித மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது அந்த வால். நாய் வாலுக்கு மேலே, இடுப்பின் பின்பகுதியில் கடித்துக்கொண்டால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவது தெள்ளுப்பூச்சியை. சில நாய்களுக்குத் தெள்ளின் எச்சிலே ஒவ்வாது. ஒன்றிரண்டு கடித்தாலே நாள்கணக்கில் அரிக்கும். ‘நான் ஒரு பூச்சியைக்கூடப் பார்த்ததில்லையே’ என்பீர்கள். அப்படிப்பட்ட நாய் நக்கி நக்கி அதை விழுங்கிவிடும், அதனால் கண்ணில் படாது. வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். நெருக்கமான பற்கள் உள்ள சீப்பால் வாலுக்கு மேலே ஆழமாகச் சீவி, வந்த தூசியை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டுங்கள். கருப்புப் பொடி நின்ற இடத்தைச் சுற்றிச் செம்பழுப்பாக நிறம் கசிந்தால் அது மண் அல்ல, தெள்ளின் எச்சம், செரித்த இரத்தம்.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், நாய்க்கு வரும் இன்னொரு நாடாப்புழு தெள்ளின் உடம்புக்குள் இருந்தே பரவுகிறது. தரையில் கிடக்கும் தெள்ளைத் தெரியாமல் விழுங்கும் சின்னக் குழந்தைகளுக்கும் அது வரும். ஆபத்தானது அல்ல, மருந்தில் சரியாகிவிடும். ஆனாலும் எதையும் வாயில் போடுகிற மகள் இருக்கும் வீட்டில் முடியைவிட முதலில் கவலைப்பட வேண்டியது இது. தெள்ளு இருப்பது உறுதியானால் மருத்துவர் தரும் மருந்தைக் குறைந்தது மூன்று மாதம் தொடருங்கள். நாயின் மேல் இருக்கும் பூச்சிகள் மொத்தக் கூட்டத்தில் சிறு பகுதிதான். தெள்ளின் முட்டையும் இளம்புழுவும் கூட்டுப்புழுவும் விரிப்பிலும் தரை இடுக்கிலும் காத்திருக்கின்றன. விரிப்புகளை வெந்நீரில் துவையுங்கள், சோபா மடிப்புகளையும் உறிஞ்சி எடுங்கள். பூனையும் இருந்தால் நாய் மருந்தை அதற்குப் போட்டுவிடாதீர்கள், சில மருந்துகள் பூனையைக் கொன்றுவிடும்.

தெள்ளு இல்லை என்றாலும் காட்டத்தான் வேண்டும். குதச் சுரப்பிகள் நிரம்பியிருக்கலாம், வேறு ஒவ்வாமை இருக்கலாம். இவை தவிர, எப்போது பார்த்தாலும் உடனே அழைத்துப் போக வேண்டியவை: சொட்டையான திட்டு, வட்டமாகச் செதில் விடும் படை (இது உங்களுக்கும் தொற்றும்), உடம்பின் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முடி மெலிதல், தீனி கூடாமலே எடை கூடுதல், ஓயாத தாகம், தோலில் கெட்ட வாடை. மணிக்கு இவை எதுவும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை.

கொடுத்துவிடுவதைப் பற்றி எட்டு வாரம் கழித்துப் பேசலாம். அதற்குள் வால் சரியாகியிருக்கும், சொறிவது நின்றால் அதனால் கொட்டிய முடியும் குறைந்திருக்கும். பெருக்குவது ஒரு வேளையாகக் குறைகிறதா என்று பாருங்கள். மூலையில் எப்போதாவது ஒரு பந்து உருளத்தான் செய்யும். மருத்துவரிடம் போகும்போது அந்த ஈரக் காகிதத்தை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். நான் அந்த இருக்கையில் இருந்தால் மணியைத் தொடுவதற்கு முன்னால் அதைத்தான் கேட்பேன்.